வாய் வைக்காத தண்ணி

வேண்டாங்கக்கா, நீங்களே குடிங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க அண்ணாந்துதான் குடிச்சீங்க, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். இருந்தாலும் இன்னொருத்தரு பாட்டில்ல நான் குடிக்கறதில்லீங்க. தண்ணி விசயத்துல நான் பட்டபாடு அப்படி. மனுசனுக்குத் தண்ணி குடுத்துப் பட்டிருந்தாக்கூடப் பரவால்லீங்க. குதிரைக்குத் தண்ணி குடுத்துப் பட்டேன். ஆமாங்க, குதிரைக்கு. சிரிக்காதீங்க.

தாராபுரம் வரைக்குமுங்களா? நானும் அங்கதான். ஒரு கல்யாண மண்டபத்துல சுத்தம் பாக்கற சூப்பர்வைசர் வேலைக்குச் சேரப் போறேன். எம் பேரு துளசிமணிங்க. கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரில வார்டு சுத்தத்துக்கு நாந்தான் பொறுப்பா இருந்தேன், நெம்ப வருசமா. என்ர வார்டுக்கு வந்தீங்கன்னா மொதல்ல வாசம்தான் வந்து உங்களை வாங்கன்னு கூப்புடும். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்த வாசம். கண்ணுல தண்ணி வரோணும். அப்பத்தான் அது சுத்தம். பெரிய டாக்டரே ஒருநாள் கர்ச்சீப்பை மூக்குல வெச்சுக்கிட்டு, "துளசிமணி, உன்ர வார்டுல கிருமி மட்டுமில்ல, மனுசனே இருக்க முடியாது"ன்னாரு. அப்படிப் பேரெடுத்தவ நான்.

நவநீதன்னு ஒரு தம்பிங்க, மில்லுக்காரங்க வீட்டுப் பையன். அவங்கம்மா எங்க வார்டுல படுத்திருந்தாங்க. நான் கட்டில் காலெல்லாம் தொடைக்கறதைப் பாத்துட்டு ஒருநாள் கேட்டாரு. "அம்மா, கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்புக்குள்ள குதிரை லாயம் வெச்சிருக்கேன். குழந்தைகளுக்குச் சவாரி சொல்லித் தர்றோம். பெத்தவங்க வந்தா நாத்தம்னு மூக்கைப் புடிக்கறாங்க. நீங்க வந்து ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கித் தர்றீங்களா?"

"மாதிரி என்னங்க தம்பி, ஆஸ்பத்திரியாவே ஆக்கிடறேன்"னேன்.

போன அன்னைக்கே திரும்பி வந்திருக்கோணும். அக்கா, நீங்க குதிரையைத் தூரத்துல பாத்திருப்பீங்க. கோயில் ஊர்வலத்துல சலங்கை கட்டி நிக்கறதைப் பாத்து ஆகா அழகுன்னு சொல்லிருப்பீங்க. கிட்டப் போய்ப் பாருங்க. ஈ. வாயெல்லாம் பச்சை நொரை. ஒண்ணு என்னைப் பாத்ததும் தும்முச்சுங்க, என்ர மூஞ்சிலயே. கருமம், கருமம். அதாவது மிருகம், போகட்டும். அதுகளைப் பாத்துக்கற வெள்ளிங்கிரின்னு ஒரு ஆளு. கேரட்டை எடுத்து இவன் ஒரு கடி கடிப்பான், மீதியைக் குதிரை வாயில வெப்பான், அது பாதி கடிச்சதும் மறுக்கா வாங்கி இவன் கடிப்பான். நான் கண்ணால பாத்தேன். அன்னைக்கு ராத்திரிச் சோறு எறங்கலீங்க எனக்கு.

தண்ணிக்கு வெளிய ஒரு சிமெண்டுத் தொட்டி. பாசி புடிச்சு, வழவழன்னு. உள்ள தவளை. எல்லாக் குதிரையும் அதுலதான் வாயை வெக்கும், வெள்ளிங்கிரியும் அதுலதான் மூஞ்சி கழுவுவான்.

நவநீதன் தம்பிகிட்ட நேராப் போய், "அந்தத் தொட்டி இருக்கற வரைக்கும் நான் பொறுப்பேத்துக்க முடியாது"ன்னேன். அவரு ரோசனை பண்ணி, கம்ப்யூட்டர்ல தேடி, ஆட்டோமேட்டிக் டிரிங்கர்னு ஒரு சாமானை வாங்கிப் போட்டாரு. ஒவ்வொரு குதிரை நிக்கற அறைலயும் செவுத்துல ஒண்ணு. எவர்சில்வர் கிண்ணமுங்க. உள்ளார நாக்கு மாதிரி ஒரு தகடு. குதிரை மூக்கால அதை அமுக்குனா தண்ணி வரும், எடுத்தா நின்னுக்கும். ஆளே வேண்டாம். குடிக்கக் குடிக்கப் புதுத் தண்ணி. எனக்கு அப்படிச் சந்தோசம். அந்தச் சிமெண்டுத் தொட்டியை நானே பக்கத்துல நின்னு ஒடைக்கச் சொன்னேன். தவளையெல்லாம் தோப்புக்குள்ள ஓடிப் போச்சு.

கொஞ்ச நாள் நல்லாத்தானுங்க இருந்துச்சு. குதிரைகளும் அமுக்கி அமுக்கிக் குடிச்சுதுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க, நல்ல பொருளைக் குடுத்தா அதை நல்லா வெச்சுக்கற குணம் அந்தச் சென்மங்களுக்குக் கெடையாது. வாய் நெறையப் புல்லு வெச்சுக்கிட்டு வந்து கிண்ணத்துல முக்கும். பச்சைச் சாந்து மாதிரி அடியில படிஞ்சு கெடக்கும். ஒரு ஆகாவழிக் குதிரை, பின்பக்கத்தைத் திருப்பி வெச்சு, குறி பாத்த மாதிரி கிண்ணத்துக்குள்ளயே சாணி போட்டுச்சு. எவர்சில்வர் கிண்ணமுங்க! நம்ம வீட்ல குழம்பு ஊத்தி வெக்கற மாதிரி கிண்ணம்!

வெள்ளிங்கிரி என்ன பண்ணுவான்? கையை உட்டு வழிச்சு எறிஞ்சுட்டு, தண்ணியை அலசி உட்டுட்டு, "ஆச்சுங் மேடம்"பான். அவ்வளவுதான் அவனுக்குச் சுத்தம்.

நான் உடலீங்க. ஆஸ்பத்திரிச் சாமானெல்லாம் வரவழைச்சேன். வெடியால ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, பொழுதோட ஒருக்கா, ஒவ்வொரு கிண்ணத்தையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சு, பினாயில் ஊத்தித் தொடைச்சு வெச்சேன். வேற ஆளுக கைல குடுக்கலை. கிண்ணத்துக்கெல்லாம் தண்ணி வர்ற மேல்தொட்டியை எட்டிப் பாத்தா உள்ள ஒரு பல்லி செத்து மெதக்குது. அதுக்கும் உட்டேன், டப்பா டப்பாவா பிளீச்சிங் பவுடர். வாராவாரம். லாயத்துக்குள்ள நொழைஞ்சா என்ர பழைய வார்டு வாசம் வந்துச்சுங்க. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. வெள்ளிங்கிரிக்கும் கலங்குச்சு. "கண்ணு எரியுதுங் மேடம்"னான். "சுத்தம் பழகாத கண்ணு அப்படித்தான் எரியும்"னேன்.

சித்தெ அந்தச் சன்னலை இழுத்து உடுங்கக்கா, புழுதி வருது.

அப்பத்தான் ஆரம்பிச்சுது வெனை. குதிரைக தண்ணி குடிக்கலைன்னான் வெள்ளிங்கிரி. நான் நம்பலை. அவன் ஒரு சாணி உருண்டையைக் கையில எடுத்துட்டு வந்தானுங்க, வெறுங்கையில, என்ர மூஞ்சிக்கு நேரா நீட்டி, ரெண்டா ஒடைச்சுக் காட்டுனான். "பாருங் மேடம், காஞ்சு கல்லா இருக்குது. ஈரமே இல்லை. இதுக தண்ணி குடிக்கலைங்." நான் அப்படியே ஓடிப்போய்த் தென்னை மரத்தடில வாந்தி எடுத்தேன். அந்தச் சாணி மட்டுமில்லீங்க, அதை ஒடைச்ச அந்த வெரலு! அதே வெரலாலதான் அவன் அப்புறம் பீடி பத்த வெச்சான்.

சரி, டிரிங்கர்ல என்னமோ கோளாறுன்னு ப்ளம்பர் குப்புராஜைக் கூப்புட்டேன். அவன் வந்து கிண்ணத்து நாக்கை அமுக்கிப் பாத்தான். தண்ணி வந்துச்சு. "வேகம் பத்தலை போல"ன்னு மேல ஏறி வால்வைத் தொறந்து உட்டான். இப்ப தண்ணி பீச்சி அடிக்குது. குதிரை பயந்து பின்னால போச்சு. மறுக்கா கொறைச்சான். வடிகட்டியைக் கழட்டுனான். உப்பு கட்டி கட்டியாப் புடிச்சிருந்துச்சு, சொரண்டி மாட்டுனான். நாக்குக்குப் பின்னால இருக்கற ஸ்பிரிங்கு கெட்டியா இருக்குதுன்னு வேற ஸ்பிரிங்கு போட்டான். சுண்டு வெரலு பட்டாலே தண்ணி வருது. ஆனா குதிரை? கிட்ட வரும். மூக்கை நீட்டும். அப்புறம் மேல் ஒதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டி, தலையைச் சிலுப்பிக்கிட்டுப் போயிரும். எல்லாக் குதிரையும் அதே மாதிரி. என்னைப் பாத்து எளிக்கற மாதிரி இருந்துச்சுங்க.

குப்புராஜ் கையைத் தொடைச்சுக்கிட்டுச் சொன்னான், "ஏனுங் மேடம், நீச்சல் குளத்தாட்டம் இருக்குது வாசம்." எனக்குப் பெருமை. ஒரு வேலைக்காரனுக்காவது தெரிஞ்சுதேன்னு.

டிரிங்கர் வித்த கம்பெனிக்குப் போன் போட்டேன். அந்தப் பையன், "புதுசுன்னா பயப்படும்மா. நீங்க கையால அமுக்கிக் காட்டுங்க, பாத்துப் பழகிக்கும்"னான். சரின்னு கையை நல்லா ஆஸ்பத்திரிச் சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை மாட்டி, அதையும் பினாயில்ல நனைச்சு, ஒவ்வொரு குதிரைகிட்டயும் போய் அமுக்கிக் காட்டுனேன். ஒண்ணாவது வரோணுமே! பின்னால செவுத்தோட செவுரா ஒட்டி நிக்குது. அத்தனை திமிரு.

இத்தனைக்கும் குளிப்பாட்டுற எடத்துல, போர்க் கிணத்துல இருந்து நேரா வர்ற குழாயில வெள்ளிங்கிரி தண்ணி அடிச்சா, தரையில ஓடற அழுக்குத் தண்ணியை நக்குதுங்க! அவன் குளிச்ச சோப்புத் தண்ணியா, குதிரை மூத்திரமா, ஒண்ணும் பாக்கறதில்லை. எவர்சில்வர் கிண்ணத்துல மருந்து போட்ட தண்ணி இருக்க, இதுகளுக்குச் சாக்கடை கேக்குது. நான் அந்த எடத்துக்கே சங்கிலி போட்டுப் பூட்டிட்டேன். குதிரைகளை வெறும் ஈரத்துணியால தொடைச்சு உட்டாப் போதும்னு சொல்லிட்டேன்.

அதுல பவானின்னு ஒரு பொட்டைக் குதிரைங்க. வெள்ளை. அது ஒண்ணுதான் எனக்குப் புடிச்சது. வைக்கோலைக் கெடுக்காது. ஒரே மூலையில சாணி போடும். ஆஸ்பத்திரில சில பொம்பளைங்க இருப்பாங்க பாருங்க, எத்தனை வலி வந்தாலும் சேலையைச் சரி பண்ணிக்கிட்டுத்தான் படுப்பாங்க, அந்த மாதிரி. நான் போனா காதை முன்னால வெச்சுப் பாக்கும். தொட்டதில்லை. தொடறதுக்கென்ன, ஆனா பாத்துக்குவேன்.

ஒரு மத்தியானம் வெள்ளிங்கிரி கத்திக்கிட்டு ஓடி வந்தான், பவானி கீழ படுத்துப் பொரளுதுன்னு. போய்ப் பாத்தா வெள்ளையெல்லாம் வேர்வையில சாம்பலாப் போச்சு. எந்திரிக்கும், காலால தரையைக் கீறும், திரும்பித் தன் வயித்தைப் பாக்கும், மறுக்கா விழும். அந்தக் கண்ணை நான் பாத்திருக்கேங்கக்கா. வார்டுல பாத்திருக்கேன். இனி முடியாதுங்கற கண்ணு.

நவநீதன் தம்பி கால்நடை டாக்டரைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. பெனடிக்டுன்னு பேரு. வந்ததும் தோள் வரைக்கும் பிளாஸ்டிக் கையுறை போட்டு, குதிரை பின்னால கையை... வேண்டாம், நீங்க இப்பத்தான் இட்லி சாப்பிட்டீங்க. "குடல்ல சாணி கட்டியாப் போய் அடைச்சு நிக்குது. தண்ணி உள்ள போகவே இல்லையே. எத்தனை நாளாக் குடிக்கலை?"ன்னாரு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் டிரிங்கரைக் காட்டுனேன். ப்ளம்பரைக் கூப்புட்டது, ஸ்பிரிங்கு மாத்துனது எல்லாஞ் சொன்னேன்.

அவரு போய்க் கிண்ணத்துல குனிஞ்சாரு. குனிஞ்ச வேகத்துல இருமிக்கிட்டே எந்திரிச்சாரு. "யாரு இதைக் கழுவறது?"

"நாந்தானுங்க டாக்டர். மூணு வேளையும்."

"அம்மா, கக்கூஸ் கழுவற வாசம் அடிக்குதும்மா இது!"

"ஆமாங்க டாக்டர், அந்த அளவுக்குச் சுத்தமா வெச்சிருக்கேன்"னேன்.

அவரு நவநீதன் தம்பியைப் பாத்தாரு. தம்பி தரையைப் பாத்தாரு. வெள்ளிங்கிரி வேற பக்கம் திரும்பிக்கிட்டான். அந்தச் சாணி நாத்தத்துல நிக்க முடியாமத்தான் திரும்பறாங்கன்னு நெனச்சேன்.

டாக்டரு ஒரு பக்கெட் தண்ணி கேட்டாரு. மேல்தொட்டித் தண்ணியைப் புடிச்சுட்டுப் போனேன். மோந்து பாத்துட்டுக் கீழ கொட்டிட்டாருங்க! "போர்த் தண்ணியை நேராப் புடிச்சுட்டு வாங்க"ன்னாரு. படிச்ச டாக்டரு, மருந்தடிச்ச தண்ணியைக் கொட்டிட்டு, கிருமி இருக்கற தண்ணியைக் கேக்கறாரு. பூட்டைத் தொறந்து புடிச்சுக் குடுத்தேன்.

மூக்கு வழியாக் குழாய் உடோணும். வெள்ளிங்கிரி ஒரு பக்கம் அணைச்சுப் புடிச்சிருக்கான், தம்பி பக்கெட்டும் புனலுமா நிக்கறாரு. "தலையைப் புடிக்க ஒரு ஆளு வேணும்"னாரு டாக்டரு. அங்க வேற ஆளு இல்லீங்க. நான் கிட்டப் போனேன். பவானி என்ர கையைக் கண்டதும் மெரண்டு தலையைத் தூக்குச்சு. "அந்தக் கையுறையைக் கழட்டுங்கம்மா! அந்த வாசத்துக்குத்தான் பயப்படுது"ன்னு கத்துனாரு. கழட்டுனேன். "கையைப் போர்த் தண்ணில கழுவுங்க." கழுவுனேன். வெறுங்கையோட புடிச்சேனுங்க. ஒரு கை தாடைக்கடியில, ஒரு கை நெத்தில. வேர்வை. பிசுபிசுன்னு. மூக்குல இருந்து வழியறதெல்லாம் என்ர முழங்கை வரைக்கும் ஒழுகுது. நான் கண்ணை மூடிக்கிட்டுப் பட்டீஸ்வர சாமியைக் கூப்புட்டுக்கிட்டே நின்னேன். எண்ணெயும் உப்புத் தண்ணியுமா பக்கெட் பக்கெட்டா உள்ள போச்சு. தலை கனமுங்க. அது வலியில சாயறப்போ என்ர தோள் மேலதான் சாயும். "சாமி, கொஞ்சம் பொறுத்துக்க, கொஞ்சம் பொறுத்துக்க"ன்னு அதுகிட்டச் சொல்லிருக்கேன். எனக்கு நெனப்பில்லை. வெள்ளிங்கிரி சொன்னான் அப்புறம்.

பொழுது சாயற நேரத்துக்குப் பவானி வாலைத் தூக்குச்சு. எல்லாரும் மூச்சைப் புடிச்சுட்டு நிக்கறோம். பொத்துனு ஒரு உருண்டை. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் எண்ணெயோட சேர்ந்து... அதை உடுங்க. வெள்ளிங்கிரி கும்புட்டான். தம்பி அழுதுட்டாரு. நானு? நான் கை தட்டுனேனுங்க. ஒரு மிருகம் சாணி போட்டதுக்கு, இந்த வயசுல, கை தட்டிக் குதிச்சிருக்கேன். அதை நெனச்சா இப்பவும் எனக்கே என்னைப் பாக்கப் புடிக்கலை.

அப்புறம் நடக்க உட்டாங்க. அது மெதுவா நடந்து நேராக் குளிப்பாட்டுற எடத்துக்குப் போச்சு. நாங்க பக்கெட் புடிச்சதுல அங்க பள்ளத்துல தண்ணி தேங்கிக் கெடந்துச்சு. முடி, மண்ணு, எலை எல்லாம் மெதக்குது. தலையைக் குனிஞ்சு உறிஞ்ச ஆரம்பிச்சுதுங்க. நான் பதறிப்போய், "ஐயோ அதைக் குடிக்க உடாதீங்க, தூ, தூ"ன்னு ஓடுனேன். நவநீதன் தம்பி குறுக்க வந்து என்ர கையைப் புடிச்சாரு. மரியாதையான பையன், அதுவரைக்கும் சத்தமாப் பேசுனதில்லை. "துளசிமணியம்மா, போதும். உட்டுருங்க."

போதும்னு ஒரு சொல்லு. அத்தனை பாடுபட்டதுக்கு.

அடுத்த நாள் என்ர பிளீச்சிங் பவுடர், பினாயில், பிரஷ் எல்லாத்தையும் ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க. மேல்தொட்டித் தண்ணி மொத்தத்தையும் தொறந்து உட்டாங்க. நல்ல மருந்துத் தண்ணி, தோப்புல ஓடி வீணாப் போச்சு. "நீங்க ஆபீஸ் ரூமும் கெஸ்ட் ரூமும் மட்டும் பாத்துக்கங்க. லாயத்துப் பக்கம் வேண்டாம்"னாரு தம்பி. கிண்ணமெல்லாம் வெள்ளிங்கிரி பொறுப்பு. அவன் என்ன பண்ணுவான்? கையை உட்டு வழிப்பான், அலசி உடுவான், ஆச்சுங்பான். நான் சன்னல் வழியாப் பாத்துப் பல்லைக் கடிச்சுட்டு இருப்பேன்.

இதுல வேடிக்கை என்னன்னா, அதுக்கப்புறம் குதிரைகளெல்லாம் டிரிங்கர்லயே குடிக்க ஆரம்பிச்சுருச்சுங்க. எப்படின்னு கேளுங்க. எனக்குத் தெரியும். குப்புராஜ் போட்ட அந்தப் புது ஸ்பிரிங்கு இருக்குது பாருங்க, அது எளகறதுக்குக் கொஞ்ச நாள் ஆயிருக்குது. அவ்வளவுதான் விசயம். நான் கூப்புட்டுப் போடச் சொன்ன ஸ்பிரிங்கு. ஆனா பேரு யாருக்கு? வெள்ளிங்கிரிக்கு. டாக்டரு வந்து அவன் தோளைத் தட்டிட்டுப் போறாரு. நாத்தம் அடிக்குதுன்னு மூக்கைப் புடிச்ச பெத்தவங்களும் இப்ப ஒண்ணுஞ் சொல்றதில்லை. எல்லாருக்கும் மூக்கு மரத்துப் போச்சு போல.

அங்க இனி எனக்கென்ன சோலி? வேலையை உட்டு நின்னுக்கறேன்னு சொல்லிட்டேன். தம்பி போகாதீங்கன்னு சொல்லுவாருன்னு நெனச்சேன். "தாராபுரத்துல ஒரு கல்யாண மண்டபத்துல நம்ம சொந்தக்காரங்க இருக்காங்க, சொல்லி உடறேன்"னாரு.

இன்னைக்கு வெடியால பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். பஸ்ஸுக்கு நேரமிருந்துச்சு. வெள்ளிங்கிரி புல்லு எடுக்கப் போயிருந்தான். லாயத்துப் பக்கம் வேண்டாம்னுதான் சொல்லிருந்தாங்க, போனேன். சும்மா, கிண்ணத்தை எப்படி வெச்சிருக்கான்னு பாக்கத்தான் போனேன்.

பவானி கிண்ணத்தைப் பாக்கோணுமே நீங்க! அடியில புல்லு ஊறிக் கெடக்குது. ஓரமெல்லாம் எச்சி காஞ்சு வெள்ளை வெள்ளையா. ஒரு ஈ மெதக்குது. ஈயை எடுத்துப் போடலாம்னு கையை உட்டேன். சோப்பு இல்லை, கையுறை இல்லை, எல்லாந்தான் பூட்டிட்டாங்களே. என்ர கை பட்டு நாக்கு அமுங்கித் தண்ணி வந்துச்சு. அந்தச் சத்தத்துக்குப் பவானி திரும்பிப் பாத்துச்சு. செவுத்துப் பக்கம் ஒதுங்கும்னு நெனச்சேன். காதை முன்னால வெச்சுக்கிட்டு வந்துச்சுங்க. வந்து என்ர கையை மோந்துச்சு. மோந்துட்டு, கை இருக்கறப்பவே, கை மேலயே வாயை வெச்சு உறிஞ்ச ஆரம்பிச்சுருச்சு.

சூடுங்கக்கா அந்த மூச்சு. ஒதடு வெல்வெட்டுத் துணியாட்டம். புல்லும் எச்சியும் தண்ணியுமா என்ர வெரலு இடுக்கெல்லாம் வழியுது. கொழகொழன்னு. தொண்டையில ஒவ்வொரு மொடக்கா எறங்கறது தெரியுது. சீன்னு கையை உதறிட்டு ஓடிருக்கோணும். பக்கத்துலயே குழாய் இருக்குது. நம்மளுக்குக் கையில ஒரு சொட்டுக் கொழம்பு பட்டாலே தாங்காது.

அத்தனை அருவருப்பு எனக்கு, சொன்னா நம்ப மாட்டீங்க. ஆனா அது குடிச்சு முடிக்கற வரைக்கும் நான் கையை எடுக்கலீங்க. நெம்ப நேரம் குடிச்சுது. நான் கிண்ணத்து நாக்கை அமுக்கிப் புடிச்சுக்கிட்டே நின்னேன்.